ஸ்பிரிட் எதுக்கு? அரக்கு, பாலிஷ், மதுவிலக்கு

(ஒலி வடிவத்திலிருந்து கொஞ்சம் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

போன மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், "அண்ணே, பாலிஷ் போடணும், ஸ்பிரிட் ஒரு லிட்டர் கொடுங்க"ன்னு கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸ்பிரிட் எதுக்கும்மா?"

"நாற்காலிக்கு."

"தின்னர் இருக்கு, வாங்கிக்கோ. ஸ்பிரிட் எல்லாம் நாங்க வெக்கிறதில்ல."

அடுத்த கடையிலும் இதே பதில். மூன்றாவது கடையில் வயசான ஒருத்தர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் விளக்கமா சொன்னார்: "அதுக்கு லைசென்ஸ் வேணும் பாப்பா. கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் அந்தப் பேரைச் சொன்னாலே எங்களுக்குப் பயம்."

ஒரு மர நாற்காலிக்குப் பளபளப்பு ஏத்துறதுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். பதில் தேடிப் போனதில் ஒரு பூச்சி, ஒரு பட்டுப்புடவை, ஒரு இசைத்தட்டு, 1959-ல் போட்ட ஒரு அரசு விதி எல்லாம் வந்தது. கடைசியில் என் சொந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயத்தில் வந்து நின்னேன்.

முதல்ல நாற்காலி. காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தாமல் வரும். பெரிய ஏரி இருக்கிற ஊர். பழைய தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகச் சொல்வார்களே, அதில் ஒரு கோட்டத்துக்கு இந்த ஊர்ப் பேர்தான். இன்றைக்கு ஹைவேயில் போகிறவர்களுக்கு அது ஒரு போர்டு, அவ்வளவுதான். எங்க ஆயா வீடு, அதாவது அம்மாவோட அம்மா வீடு, அங்கேதான். தாத்தா பட்டு நெய்தவர். முன்கட்டில் தறிக்குழி இன்னும் இருக்கிறது. பலகை போட்டு மூடி, அதன்மேல் வாஷிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு தேக்கு சாய்வு நாற்காலி. கை இரண்டும் நீளமாக, அகலமாக இருக்கும். டம்ளர் வைக்கலாம், பேப்பர் வைக்கலாம், காலையே தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். வலது கையின் மேல் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். தாத்தா வருஷக்கணக்காகச் சூடான காபி டம்ளர் வைத்த தடம்.

அந்த நாற்காலியை எனக்குத் தரேன்னு ஆயா சொன்னாங்க. நான் ரீல்ஸ் பார்த்து வளர்ந்த ஆள். உங்களுக்குத் தெரியுமே, சேண்டர் ஓடும், பழைய கறுப்பெல்லாம் பொடியாப் பறக்கும், அடியிலிருந்து வெளுப்பா மரம் எட்டிப் பார்க்கும், பின்னாடி ஒரு பாட்டு. நானும் ஒரு சேண்டரை வாடகைக்கு எடுத்துட்டுப் போய், திண்ணையில் நாற்காலியைப் போட்டு இடது கையிலிருந்து ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் இடது கை முழுக்கத் தோல் உரித்த மாதிரி ஆயிடுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். சத்தம் கேட்டு ஆயா வெளியே வந்தாங்க. கத்தல. பிளக்கைப் பிடுங்கிட்டு, "இது அவன் போட்ட பாலிஷுடி"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

அந்த 'அவன்' யார் என்பதற்கு அப்புறம் வரேன். முதலில், நான் பொடியாப் பறக்கவிட்டது என்ன பொருள்னு பார்ப்போம்.

அது அரக்கு. இங்கிலீஷ்ல ஷெல்லாக். நிறையப் பேர் இது மரத்துப் பிசின்னு நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். இது ஒரு பூச்சி சுரக்கிற பிசின். அறிவியல் பெயர் கெர்ரியா லாக்கா. குஞ்சாக இருக்கும்போது அரை மில்லிமீட்டர்கூட இருக்குமா என்று தேடணும். புரசு, பூவம், இலந்தை மாதிரி சில மரங்களின் இளங்கிளையில் போய் உட்காரும், வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சும், தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரந்து வீடு கட்டிக்கொள்ளும். பெண் பூச்சி ஒரு தடவை உட்கார்ந்தால் அதோடு சரி. இடம் மாறாது. அங்கேயே வாழ்ந்து, முட்டை வைத்து, அங்கேயே சாகும். பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கிளை முழுக்கச் சொரசொரன்னு செம்பழுப்பாக ஒரு மேலோடு உருவாகும். அந்தக் கிளையோடு வெட்டினால் கொம்பரக்கு. நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் அதே பேரில் கேட்டு வாங்கலாம்.

இங்கே சென்னைக்காரங்களுக்கு ஒரு சின்னத் தகவல். புரசைவாக்கம் என்ற பேரே இந்தப் புரசு மரத்திலிருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க. அங்கே இருக்கிற கங்காதரேசுவரர் கோயிலின் தல மரமும் அதுதான். அடுத்த தடவை புரசையில் டிராபிக்ல நிக்கும்போது நினைச்சுக்கோங்க, வடக்கே காட்டில் அரக்குப் பூச்சி குடியிருக்கிற மரத்தின் பேரில்தான் நிக்கிறீங்க.

இந்தியாவில் அரக்கு பெரும்பாலும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் பக்கத்திலிருந்து வருகிறது. காட்டை ஒட்டி வாழ்கிற ஆதிவாசிக் குடும்பங்களுக்கு அது கைச்செலவுக்கான வருமானம். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-ல் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள் என்றால் அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய சரக்கு என்று பார்த்துக்கோங்க.

கொம்பரக்கிலிருந்து பாலிஷ் வரைக்கும் நடக்கிற வேலையில் ஒரு காட்சியை மட்டும் சொல்லியே ஆகணும். கொம்பிலிருந்து அரக்கைச் சுரண்டி, உடைத்து, தண்ணீரில் அலசுவார்கள். அலசும்போது தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறும். மிச்சமிருக்கிற மணி மணியான அரக்கை நீளமான துணிப்பையில் அடைத்து, கரி நெருப்புக்கு முன்னால் காட்டி, பையை முறுக்குவார்கள். உருகிய பிசின் துணி வழியாகக் கசியும். அதை வழித்து, சூடு ஆறுவதற்குள் ஒரு தொழிலாளி கையால், காலால், பல்லால் நாலு பக்கமும் இழுத்து மெல்லிய தகடாக விரிப்பார். ஆமாம், பல்லால். ஆளுயரத்துக்குத் தேன் நிறத்தில் ஒரு தகடு. அது ஆறியதும் நொறுக்கினால் செதில் செதிலாக ஷெல்லாக். மிர்சாபூரிலும், புருலியா மாவட்டத்து பலராம்பூர், ஜால்டா பக்கமும் இப்படி வேலை நடந்தது. லண்டன் வீட்டு வரவேற்பறையில் மேஜை கண்ணாடியாக மின்னியதற்குப் பின்னால் இந்த ஆளின் பல் இருந்தது. எனக்கு இது ரொம்ப நாள் மண்டையில் ஓடிக்கிட்டே இருந்தது.

தமிழ் வீட்டுக்குள்ளே அரக்கு எங்கெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்க. நகையை விற்கப் போனால், "அரக்கு கழிச்சு எடை என்ன வருது?"ன்னு கேட்போம். உள்ளே கூடாக இருக்கிற குண்டிலும் மணியிலும் அடைத்திருப்பது இதே பொருள். கோர்ட்டுக் காகிதத்திலும் பார்சலிலும் அரக்கு முத்திரை. பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு அரக்கு மாளிகை தெரியும், பாண்டவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தத் துரியோதனன் கட்டச் சொன்னது. தொட்டில் கட்டையில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வழவழன்னு ஒரு பூச்சு இருக்குமே, அதுவும் அரக்கு. கடைசல் பட்டறையில் கட்டை சுற்றும்போது வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்கிற சூட்டிலேயே உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். சன்னபட்டணா பொம்மைகளும் இதே முறைதான்.

அதாவது மரத்துக்கு அரக்கு பூசுவது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. ஆனால் இந்த வித்தை உருண்டையான, கடைசலில் சுற்றக்கூடிய பொருளுக்கு மட்டும்தான் சரிப்படும். அகலமான பலகைக்கு, மேஜைக்கு, சாய்வு நாற்காலியின் கைக்கு எப்படிப் பூசுவது? அதற்கு அரக்கைக் கரைக்க வேண்டும். தண்ணீரில் கரையாது. சாராயத்தில், அதாவது ஆல்கஹாலில் கரையும். நம்ம கதையோட முடிச்சு இங்கேதான் விழுகிறது.

அதற்கு முன்னால் அந்தச் சிவப்புத் தண்ணீர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி ஆட்களுக்கு இந்தப் பூச்சி மேல் பெரிய ஆர்வம் வந்தது. ஜேம்ஸ் கெர் என்பவர் 1781-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைப் பற்றி எழுதினார்; கெர்ரியா என்ற பேர் அவரால் வந்ததுதான். அன்றைய மதராஸ் மாகாணத்தின் சாமல்கோட்டையில் இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ பூச்சியைப் பார்த்துப் பார்த்து 1791-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் கண் முதலில் போனது சாயத்தின் மேல். பட்டும் கம்பளியும் அரக்குச் சாயத்தை நன்றாகப் பிடிக்கும். கப்பல் கப்பலாக அது இங்கிலாந்துக்குப் போனது. 1856-ல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த இருபது முப்பது வருஷத்தில் அரக்குச் சாயத்தின் வியாபாரம் படுத்துவிட்டது. அதுவரை சாயம்தான் பெரிய சரக்கு. அதற்கப்புறம் பிசின்தான் சரக்கு, சிவப்புத் தண்ணீர் சாக்கடையில்.

காஞ்சிபுரத்தில் இன்றைக்கும் கல்யாணப் புடவை எடுக்கப் போனால், "அரக்குல காட்டுங்க"ன்னு கேட்போம். அந்தக் கருஞ்சிவப்பு இப்போது டப்பாவில் வருகிற ரசாயனச் சாயம். பூச்சி போயிடுச்சு, பேர் மட்டும் தங்கிவிட்டது. எங்க தாத்தா எத்தனையோ அரக்குப் புடவை நெய்திருப்பார். அவர் தறியில் பூச்சியோட சாயம் ஏறியே இருக்காது. ஆனால் அவர் சாய்ந்து உட்கார்ந்த நாற்காலியில் அதே பூச்சியோட பிசின்.

சரி, சாராயம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி சுற்றிய பஞ்சு உருண்டையால் மெல்லிசாக, பல தடவை தேய்த்து ஏற்றுகிற முறைதான் பிரெஞ்சு பாலிஷ். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, அங்கிருந்து நம்ம பங்களாக்களுக்கும் கச்சேரிகளுக்கும் வந்தது. ஸ்பிரிட்டுக்கு மது வரி கட்டினால் கட்டுபடியாகாது. அதனால் 1855-ல் பிரிட்டன் ஒரு வழி கண்டுபிடித்தது: ஆல்கஹாலில் மெத்தனாலைக் கலந்து குடிக்க முடியாதபடி ஆக்கிவிட்டால் வரி கிடையாது, தொழிலுக்கு வைத்துக்கொள்ளலாம். மலிவான பாலிஷ் இதனால்தான் சாத்தியமானது. யோசிச்சுப் பாருங்க, குடிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு அரசாங்கம் தேர்ந்தெடுத்த முறை, விஷத்தைக் கலப்பது. குடிக்காதவங்களுக்கு ஒன்னும் ஆகாது. குடிச்சவங்களுக்கு?

இசைத்தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிட்டு அங்கே வரேன், ஏன்னா அதை விட்டுட்டுப் போக மனசு வரல. 78 ஆர்பிஎம் தட்டு இருக்கே, அதில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் அரக்கு, மீதி கல்மாவு மாதிரிப் பொருட்கள். 1902-ல் கல்கத்தாவில் கிராமஃபோன் கம்பெனி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, தட்டு அச்சாவதற்கு ஜெர்மனியின் ஹானோவருக்குப் போனது. நம்ம காட்டு அரக்கு கப்பலேறிப் போய், நம்ம பாடகியோட குரலாகத் திரும்பி வந்தது. 1908-ல்தான் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அந்த ஆரம்ப காலத்திலேயே தட்டில் பாடியவர். அவர் தங்கை மகன் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை தட்டில் பாட மறுத்துவிட்டார் என்பார்கள். பெரிய வித்வான், 1934-ல் காலமானார், கேட்பதற்கு அவர் குரல் நம்மிடம் இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்து 1942-ல் அமெரிக்கா இசைத்தட்டுக்கு அரக்கு ஒதுக்குவதை வெட்டியது. அப்புறம் வினைல் வந்தது. இந்தியாவில் மட்டும் 78 ரொம்ப நாள் தாக்குப் பிடித்தது. பீட்டில்ஸ் பாட்டை டம்டம் ஆலையில் 78-ஆக அச்சடித்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இன்றைக்கு அதற்காக உலகம் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். அரக்கு இப்போது மாத்திரை மேலும் மிட்டாய் மேலும் பளபளப்பாக இ904 என்ற பேரில் உங்க வயித்துக்குள்ளேயே போகுது. நகத்துக்கு 'ஷெல்லாக்'னு ஒரு ஜெல் போடுவாங்களே, அதில் மட்டும் அரக்கு கிடையாது. வெறும் பேர்.

இப்போ மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க வந்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடின. ஆனால் ஆல்கஹால் மருந்துக் கடையில் இருந்தது, ஆய்வகத்தில் இருந்தது, தச்சுப் பட்டறையில் இருந்தது. இஞ்சி டிங்சர் குடித்தார்கள். பட்டறை பாலிஷையும் குடித்தார்கள். 'வார்னிஷ்' என்பது குடிக்கிற பொருளின் பேராக ஆனது. அரசாங்கம் இதைக் கவனித்தது. அதனால்தான் 1959-ல் போட்ட விதிகளின் தலைப்பிலேயே மூன்று பொருட்கள் இருக்கின்றன: குடிக்க முடியாதபடி ஆக்கிய ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், அப்புறம் வார்னிஷ், அடைப்புக்குறிக்குள் பிரெஞ்சு பாலிஷ். நாற்காலிக்குப் போடுகிற பாலிஷ் மதுவிலக்குச் சட்டத்தின் கீழே வந்துவிட்டது. வைத்திருக்க, விற்க உரிமம். அந்தக் கல்லாப் பெரியவர் சொன்ன லைசென்ஸ் இதன் வழியாக வந்ததுதான்.

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடி எடுத்தார்கள். எங்க வீட்டுக் கதை நடுவில் இருக்கிற அந்த ஏழு வருஷத்தில் நடந்தது.

சேண்டர் சம்பவத்துக்கு அப்புறம் இரண்டு நாள் ஆயா என்னோடு சரியாகப் பேசல. மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவங்களாவே ஆரம்பிச்சாங்க.

ஆயாவுக்கு ஒரு தம்பி. நாங்க சின்னப் பிள்ளைகளா இருக்கும்போது அவரைப் பாலிஷ் தாத்தான்னு கூப்பிடுவோம். கண் தெரியாது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். எங்க கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து யார் என்று சொல்லுவார். சின்ன வயசில் வெள்ளையடிக்கும்போது கண்ணில் சுண்ணாம்பு பட்டுடுச்சுன்னு எங்ககிட்ட சொல்லியிருந்தாங்க. அம்மாவே அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தாங்க.

"சுண்ணாம்பும் இல்ல, ஒன்னும் இல்ல. குடிச்சான்"னாங்க ஆயா.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் அவர் பாலிஷ் வேலை பார்த்தார். நல்ல கை. ஒரு பெரிய வேலை முடிந்த ராத்திரி, நாலு பேர் பட்டறையிலேயே உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள். அவர் தினமும் குடிக்கிற ஆள் இல்லை என்பதை ஆயா இரண்டு தடவை சொன்னாங்க. மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து, "அக்கா, ஒரே பனியா இருக்கு, என்னன்னு தெரியல"ன்னாராம். மார்கழி இல்லை, வெயில் காலம். மத்தியானத்துக்குள்ளே வாந்தி, வயிற்று வலி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று தாத்தா கிளம்பியிருக்கிறார். பக்கத்து வீட்டில் தடுத்தார்கள். குடிச்சிட்டு வந்தான்னு எழுதுவாங்க, போலீஸ் வரும், கேஸ் ஆகும், உன் வீட்டையும் சோதனை போடுவாங்க. வெல்லத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே போனது. மறுநாள் கொண்டுபோனபோது உயிர் இருந்தது, பார்வை இல்லை. நாலு பேரில் இரண்டு பேர் இறந்துட்டாங்க.

மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்பு கடித்தால் எரியுமே, அதே அமிலம். அது முதலில் அடிக்கிற இடங்களில் ஒன்று கண் நரம்பு. கண் முன்னால் பனி மூட்டம் மாதிரி தெரிவது அதோட அறிகுறி. உடனே சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். நேரம்தான் எல்லாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேல் ஆட்கள் பலியானார்களே, அந்தச் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு ஆயாவோட பக்கத்து வீடு ஞாபகம் வரவில்லை, அப்போ எனக்கு இந்தக் கதையே தெரியாது. இப்போ படிச்சா வருது. மதுவிலக்கு நல்லதா கெட்டதான்னு பேச இந்த எபிசோட் இல்லை. ஆனால் குடித்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிற மாதிரி ஒரு சட்டம் நடந்தால், விஷம் பாதி வேலையும் பயம் மீதி வேலையும் பார்க்கும். அதை ஒளிக்க வேண்டாம்னு நினைக்கிறேன்.

"அப்போ இந்த நாற்காலி?"ன்னு கேட்டேன்.

கண் போய் ஒரு வருஷம் அவர் எதுவுமே செய்யல. தாத்தா அந்தச் சமயத்தில் ஏலத்தில் இந்த நாற்காலியை வாங்கிக்கொண்டு வந்தார். பாலிஷ் எல்லாம் போய், வெளிறிப்போய் இருந்தது. "மச்சான், இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு அவர் கையைப் பிடித்து நாற்காலி மேல் வைத்தாராம். பாலிஷை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று ஆயா சொல்லவில்லை. வீட்டில் அந்த பாட்டிலைப் பார்க்கவே தனக்குப் பிடிக்கலைன்னு மட்டும் சொன்னாங்க. தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், வேலை முடிந்ததும் பாட்டிலை எடுத்துப் பூட்டிவிடுவார். இருபது நாளைக்கு மேல் ஆனது. பஞ்சு உருண்டை மரத்தில் லேசாகப் பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்பதை விரலாலேயே கண்டுபிடித்து வேலை செய்தார். பிரெஞ்சு பாலிஷ் அடிப்படையில் கையோட வேலை, கண்ணோட வேலை கம்மி என்பதைப் பின்னால் நானே செய்து பார்த்தபோதுதான் புரிந்தது. அதுதான் அவர் கடைசியாகப் போட்ட பாலிஷ். அதன் இடது கையைத்தான் நான் பத்து நிமிஷத்தில் பொடியாக்கினேன்.

அரக்கோட ஒரு குணம் எனக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. இப்போ கடையில் கிடைக்கிற பியூ, மெலமின் எல்லாம் ஒரு தடவை இறுகினால் இறுகியதுதான். கீறல் விழுந்தால் மொத்தத்தையும் சுரண்டித் திரும்பப் போடணும். அரக்கு அப்படி இல்லை. ஐம்பது வருஷம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் மேல் பரப்பு இளகும். புதிதாகப் போடுகிற கோட்டு பழையதற்கு மேல் உட்காராது, அதோடு கரைந்து ஒன்றாகிவிடும். அதனால் பழைய அரக்கு பாலிஷ் போட்ட சாமானை உரிக்கவே வேண்டியதில்லை, பெரும்பாலும். உங்க வீட்டுப் பழைய பீரோவில் இருப்பது அரக்குதானா என்று பார்க்க, கண்ணில் படாத ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்க. பிசுபிசுத்தால் அரக்கு. சேண்டரைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்க. நான் செய்யல.

ஸ்பிரிட் கிடைக்காததால், சென்னையில் ஆய்வகச் சாமான் விற்கிற ஒரு கடையில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கினேன். கொரோனா காலத்தில் சானிடைசரில் எல்லோரும் கையில் பூசினோமே, அது. அதுவும் விஷம்தான், பூட்டித்தான் வைத்திருக்கிறேன். அரக்கு அதில் கொஞ்சம் மெதுவாகக் கரைகிறது, ஆனால் கரைகிறது. செதிலைப் போட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் தேன் மாதிரி இருந்தது. கரைத்து வைத்தது சில மாதத்தில் கெட்டுப்போகும், அப்புறம் பூசினால் காயாமல் ஒட்டும், அதனால் கொஞ்சமாகத்தான் கலக்கணும்.

வலது கையில் முதலில் வட்டங்களைப் பார்த்தேன். சூடும் ஈரமும் அரக்குப் படலத்துக்குள் மாட்டினால் வெள்ளையாகிறது. ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் வேகமாக ஒரு தடவை தடவினால் படலம் இளகி ஈரம் வெளியேறி, வட்டம் மறையும். ஒன்று மறைந்தது. எனக்குக் கை நின்னுடுச்சு. மற்றதை அப்படியே விட்டுட்டேன்.

இடது கைக்கு உப்புத்தாள் போட்டு மெஷின் பண்ணின கோடுகளை எடுத்தேன். பிறகு பஞ்சைச் சுற்றி, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, நீளவாக்கில், வட்டமாக, எட்டுப் போட்ட மாதிரி. நடுவில் எங்கேயும் கை நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் பஞ்சு ஒட்டிப் பழைய கோட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். முதல் நாள் இரண்டு தடவை பிய்த்தேன். ஆயா உள்ளே இருந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. நாலாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடது கையைத் தடவி, அப்புறம் வலது கையைத் தடவி, திரும்ப இடது கையைத் தடவினாங்க.

"இன்னும் சொரசொரன்னு இருக்கு. அவனுது எப்படி இருக்கு பாரு"ன்னாங்க.

வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சிடுச்சு. ஏரி பக்கத்து ஊர், காற்றெல்லாம் ஈரம். மழை நாளில் அரக்கு போட்டால் மொத்தமும் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறவர்களும் இந்த நாட்களில் வேலையை நிறுத்திவிடுவார்கள். இடது கைக்கு இன்னும் ஏழெட்டுக் கோட்டு வேணும். பஞ்சு உருண்டையை ஒரு கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருக்கிறேன், மழை விடட்டும்.